விசில் அடித்தால்தான் வண்டி

கல்கத்தாவில், எங்கள் பவானிபூர் வீட்டில் சமையலறைக் கதவை ஒட்டி ஓர் ஆணி அடித்திருக்கிறது. அதில் ஒரு பித்தளை விசில் தொங்குகிறது. மேலே பூசியிருந்த வெள்ளை மெருகு வாய் வைக்கும் இடத்தில் மட்டும் தேய்ந்து மஞ்சள் தெரியும். கட்டியிருக்கும் கயிறு ஒரு பழைய ஷூ கயிறு. வேலைக்கு வரும் மாஷி ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவாள். நான் எடுத்து மறுபடி ஆணியில் மாட்டுவேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் போடுவாள், நான் மாட்டுவேன். எதையும் எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. சொல்லாமலே நடந்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறவள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை வாய் திறந்து பேசினேன் என்றால், அது இந்த விசில் என் கையில் இருந்தபோதுதான். அதுவும் வெளிதேசத்தில், ஒரு டப்பா வண்டிக்குள்.

விசில் என் வீட்டுக்காரருடையது. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்தார். கார்டு என்றால் பிளாட்பாரத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்று பச்சைக் கொடி ஆட்டுகிறவர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவார். இவருக்குக் கடைசிவரை கூட்ஸ் வண்டிதான். நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்டு. சாந்த்ராகாச்சி யார்டிலிருந்து கிளம்பினால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கூட்ஸ் வண்டியின் வாலில் ஒரு தகரப் பெட்டி மாட்டியிருக்கும், பிரேக் வேன் என்பார்கள். அதற்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற அத்தனை பெட்டிகளையும் பின்னாலிருந்து கவனித்துக்கொண்டு போவதுதான் அவர் வேலை. டிரைவர் எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பார். "கடைசிப் பெட்டி வந்து சேந்தாத்தான் வண்டி வந்து சேந்துச்சுன்னு அர்த்தம்" என்பது அவர் சொல்லிக்கொண்டே இருக்கும் பேச்சு. துர்கா பூஜை சமயத்தில் குடும்பமாகப் பந்தல் பார்க்கப் போனால்கூட எங்களை முன்னால் நடக்கவிட்டு அவர் பத்தடி பின்னால்தான் வருவார். பக்கத்தில் வந்து நடங்களேன் என்று சொல்ல எனக்கு எத்தனையோ நாள் ஆசை. சொன்னதில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்ததுதான் இந்த விசில். பிற்பாடு அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பேர் மாற்றிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னபோது, "மேனேஜர்னா உக்கார நாற்காலி வேணுமே, அதைக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஒரே பையன். நியூசிலாந்தில் ஆக்லாந்து என்னும் ஊரில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் ஜாதவ்பூர்ப் பெண், வங்காளி, நல்ல குணம். அவளுக்கு அதே தேசத்தில் வெலிங்டன் என்னும் வேறு ஊரில் காலேஜில் வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டாள். அங்கே வீடு பார்த்து, அதில் கீழ்ப்பக்கம் ஓர் அறையை எங்களுக்கென்று ஒதுக்கி, திரைச்சீலைகூடத் தைத்து மாட்டிவிட்டாள். பையனும் ஊர் மாறிப் போக வேண்டிய சமயம் அது. எங்களை வரவழைத்து, போகிற வழியெல்லாம் தேசத்தைக் காட்டிக்கொண்டே வெலிங்டனில் கொண்டுபோய் இறக்கினால், பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுவோம் என்பது அவன் கணக்கு. இங்கே பவானிபூரில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட வங்காளிப் பெரியவர், பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிற புரோமோட்டரிடம் கட்டடத்தைக் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய்வந்ததும், இருக்கிறீர்களா காலி செய்கிறீர்களா என்று பதில் சொல்லுங்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். ஆக, அந்தப் பயணம் முடிவதற்குள் என் வீடு இருக்குமா போகுமா என்பது முடிவாகிவிடும். என் வீட்டுக்காரரைக் கேட்டால், "வெலிங்டன் வரட்டும், பாக்கலாம்" என்பார். என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்ல ஒரு காரணம் இருந்தது, ஆனால் சொன்னால் சிரிப்பார்கள். பவானிபூரில் நான் வாயைத் திறக்காமலே வாழ்ந்துவிடலாம். ஜதுபாபு பஜாரில் போய் நின்றாலே என் பையில் பச்சை மிளகாயும் எலுமிச்சம்பழமும் விழும். லேக் மார்க்கெட் கடையில் என் தலையைப் பார்த்ததும் முருங்கைக்காயை எடுத்து ஒடித்துக் கட்டிவிடுவான். எதிர்வீட்டுப் பெண் "மாஷிமா, பாலோ?" என்று கேட்டுவிட்டு, நல்லாயிருக்கேன் என்று நான் சொல்வதற்குள் அவளே தலையாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, கல்யாணமாகி, பாஷை தெரியாத ஊரில் இறங்கியவள் நான். என்னை இந்த ஊர் புரிந்துகொள்வதற்கே அத்தனை வருஷம் பிடித்தது. இனிமேல் இன்னோர் ஊருக்குப் போய் முதலிலிருந்து வாயைத் திறக்க என்னால் ஆகாது.

வண்டிக் கதைக்கு வருகிறேன். வீடு மாதிரியே வண்டி, அதிலேயே சமைத்து அதிலேயே படுத்துக்கொண்டு போகலாம், கேம்பர்வேன் என்று பையன் போனில் சொன்னபோது நான் ரயில் கூபே மாதிரி ஏதோ நினைத்துக்கொண்டேன். ஆக்லாந்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாடகை குறைச்சல் என்று சின்னப் பசங்கள் எடுத்துப் போகிற பழைய வண்டி. உள்ளே யார் யாரோ வெங்காயம் வதக்கிய வாடை. பக்கக் கதவை ஓர் உதை விட்டால்தான் திறக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்பக்கக் கதவில், கண்ணாடிக்குக் கீழே, நீச்சல் உடுப்புப் போட்ட ஒரு பெண்ணை முழு அகலத்துக்கு வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு கண்ணை மூடிக் கண்ணடிக்கிறாள். இதில் ஏறி இறங்கித்தான் நான் ஊர் பார்க்க வேண்டும்.

"துர், அம்மா, இங்க யாரும் பாக்கமாட்டாங்க, எல்லா வண்டியிலயும் இப்படித்தான்" என்றான் பையன். கல்கத்தாவில் வளர்ந்தவன், சலிப்பு வந்தால் அந்த 'துர்' வங்காளத்தில்தான் வரும்.

"படம் எங்க இருக்கு? கடைசியில. கடைசியில இருக்கிறது எல்.வி. போர்டு மாதிரி. வண்டி முழுசா வந்துச்சுன்னு அடையாளம். இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இவர். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் மாட்டுகிற அட்டையைச் சொல்கிறார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது? வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் என் புடவையைத் துவைத்து, மேலே கம்பியில் கிளிப் போட்டு, அந்தப் பெண்ணின் மேல் காயப்போட ஆரம்பித்தேன். துவைக்கத் தேவையில்லாத புடவையைக்கூட நனைத்துப் பிழிந்து போட்டேன். அரக்குச் சிவப்பில் கெட்டியான நூல் புடவை ஒன்று இருந்தது, அவளை முழுசாக மறைக்க அதுதான் சரியாக இருந்தது.

அவருக்கோ அந்த வண்டி ஒரே பரவசம். ஏறியதிலிருந்து தடவிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார். "விளக்கு இருக்கு, ஃபேன் இருக்கு, அடுப்பு இருக்கு, கக்கூஸ் இருக்கு. என் பிரேக் வேன்ல இதுல ஒண்ணாவது இருந்துச்சா? உனக்கு இன்னும் என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார். அங்கே அப்போது வெயில் காலமாம். எனக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அவருக்குக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த மங்கி கேப். அதைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலையும் மாட்டிக்கொண்டார். விசிலைப் பெட்டியில் எடுத்து வைத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், கொண்டுபோகக் கூடாதென்று எடுத்து வைத்த ஊறுகாய் பாட்டிலோடு அதையும் இங்கே பவானிபூரிலேயே விட்டிருப்பேன்.

அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். வண்டி எடுக்கும் முன் அவர் சுற்றி வந்து பார்ப்பார். சக்கரம், கேஸ் சிலிண்டர் திருகு, தண்ணீர்க் குழாய், ஏறுகிற படி. எல்லாம் சரி என்றால் ஒரு விசில். பிறகு அவர் பின்னால் ஏறிக் கதவைச் சாத்துவார். கதவுச் சத்தம் கேட்டதும் பையன் வண்டியை எடுக்கலாம்.

"அப்பா, இதுல கண்ணாடி இருக்கு, கேமரா இருக்கு, ஏதாவது இடிச்சா பீப்னு கத்தும். விசில் எதுக்குப்பா?"

"கேமரா கத்தும். கத்தி என்ன செய்யும், இறங்கி வந்து பாக்குமா? டிரைவர் திரும்பிப் பாக்கணும், கார்டு கை காட்டணும். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாத்தான் வண்டி நகரும்."

"சரி, சரி, நீங்க விசில் அடிங்க. நான் திரும்பிப் பாக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க."

அப்படித்தான் நடந்தது. இவர் விசில் அடிப்பார், பையன் வண்டியை எடுப்பான். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கேம்ப் போடுகிற மைதானத்தில் மற்ற வண்டிக்காரர்கள் காபிக் கோப்பையோடு வெளியே வந்து, மங்கி கேப் போட்ட கிழவர் விசில் ஊதுவதை வேடிக்கை பார்ப்பார்கள். சில பேர் கைதட்டுவார்கள். இவர் சலாம் போடுவார். நான் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

கக்கூஸ் விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் என் எரிச்சல் புரியாது. அது படுக்கைக்கு அடியிலிருந்து இழுக்கிற பிளாஸ்டிக் பெட்டி. அதற்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே ஒரு துணித்திரை. அதில் உட்காருவதைவிட உயிரை விடலாம் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். உதடு வெடித்துப்போனதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து பையனைத் தூரமாக நடக்க அனுப்பிவிட்டு, தானே வெளியில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார். அதுவரை சரி. நேரம் ஆகிவிட்டால், அந்த மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "லைன் கிளியரா?" என்று கத்துவார். நான் உள்ளேயிருந்து பதில் சொல்லாவிட்டால் மறுபடி கத்துவார். யாருக்கும் அர்த்தம் தெரியாது என்பார். அர்த்தம் எனக்குத் தெரியுமே.

இத்தனை எரிச்சலுக்கு நடுவே ஒன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓடுகிற வண்டியில் எங்கள் இருக்கை பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது. முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கடந்து போனதுதான் தெரியும். பச்சை மேடுகள், ஆட்டு மந்தைகள், ஒரு பெரிய ஏரி, எல்லாம் நம்மை விட்டுவிட்டுப் பின்னால் போய்ச் சின்னதாகிவிடும். எனக்குத் தலை சுற்றியது. "எல்லாம் விட்டுட்டுப் போற மாதிரியே இருக்குங்க" என்றேன். "எனக்கு அப்படித்தான் சர்வீஸ் முழுக்க இருந்துச்சு" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு சிக்னல்ல நிறுத்திப் போட்டான்னா மணிக்கணக்கா நிக்கும். காட்டுக்குள்ள. பேச ஆள் கிடையாது. நீ கட்டிக் குடுத்த புளிச்சோத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு அதுகூடப் பேசியிருக்கேன்." அவர் ஊரெல்லாம் சுற்றுகிறார், நான் வீட்டில் கிடக்கிறேன் என்றுதான் அத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அவரும் ஒரு டப்பாவுக்குள் பேச்சில்லாமல் கிடந்திருக்கிறார். ஃபிளாஸ்க்கில் இருந்த டீயில் அவருக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தேன். அதற்குள் வளைவு வந்து ஃப்ரிட்ஜ் கதவு திறந்து தயிர் கொட்டிவிட்டது. வளைவு வந்தாலே திறந்துகொள்கிற கதவு அது. "மறுபடியும் வாயைப் பொளந்துட்டா பாரு" என்று ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே மூடுவார்.

பாதி வழி தாண்டியபின் ஒருநாள், பெட்ரோல் பங்கை ஒட்டிய மைதானத்தில் நிறுத்தி மதியச் சாப்பாடு முடித்தோம். எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்ததால் படுக்கையை விரித்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இனிமேல் பனி மலை தெரியும், முன் சீட்டில் வந்து உட்காருங்கள் என்று பையன் அவரிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே அவர் சுற்றி வருகிற காலடி கேட்டது. விசில் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது. சரி, இன்றைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார், மலை பார்க்கட்டும் என்று கண்ணை மூடினேன். எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஒருத்தரும் லைன் கிளியர் கேட்கவில்லை, திருகைத் திருகிப் பார்க்கவில்லை. அந்தத் தேசத்துக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக நன்றாகத் தூங்கிவிட்டேன்.

ஒரு வளைவில் ஃப்ரிட்ஜ் கதவு படார் என்று திறந்தது. அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். கதவு ஆடிக்கொண்டே இருந்தது. அதை யாரும் திட்டவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அவர் அங்கிருந்தே திட்டுவார்.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்காத குரல். எழுந்து திரையை விலக்கி மறுபடி கூப்பிட்டேன்.

"என்னம்மா?" என்றான் பையன்.

"அப்பா தூங்கறாரா?"

"என்னைக் கேக்கறே? அப்பா அங்கதானே இருக்காரு?"

வண்டி நின்றுவிட்டது. அவருடைய போன் சார்ஜில் தொங்கிக்கொண்டு என் தலைமாட்டிலேயே கிடந்தது.

நடந்தது இதுதான். புடவையை எடுத்து மடித்துவிட்டுத்தான் தினமும் விசில் அடிப்பார். அன்றைக்கு அது ஈரமாக இருக்கிறது, கடைசி நிமிஷம்வரை காயட்டும் என்று விட்டிருக்கிறார். விசில் அடித்துவிட்டார். ஏறப் போனவர் எனக்குக் காற்று அடிக்கிறதே என்று கதவை வெளியிலிருந்தே இழுத்துச் சாத்திவிட்டு, புடவையை எடுக்கப் பின்பக்கம் போயிருக்கிறார். விசில் கேட்டது, கதவுச் சத்தம் கேட்டது, பையன் எடுத்துவிட்டான். சிவப்புப் புடவை உருவிக்கொண்டு அவர் கையில் வந்துவிட்டது. உத்தரவு கொடுத்தவரையே விட்டுவிட்டு வண்டி போய்விட்டது.

திரும்பிப் போகிற வழி முழுக்க பையன் ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டே வந்தான். "அந்த விசில், அந்த விசில்தான் காரணம்" என்றான். நான் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை வேறு தூற ஆரம்பித்தது.

அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓரமாகக்கூட ஒதுங்கவில்லை. மங்கி கேப் நனைந்திருந்தது. பங்கில் வேலை செய்கிற பெண் காகிதக் கோப்பையில் டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், அது கால்மாட்டில் வைத்தபடி இருந்தது. என் அரக்குச் சிவப்புப் புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். வண்டி போனதும் அதைக் கொடி மாதிரி ஆட்டியிருக்கிறார். சிவப்பு காட்டினால் டிரைவர் நின்றாக வேண்டும். டிரைவர் திரும்பிப் பார்த்தால்தானே.

வண்டியில் ஏறினார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மடக்கு மேஜையின்மேல் வைத்தார். நான் தலையைத் துவட்டிவிட்டேன். குழந்தை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். கார்டை விட்டுவிட்டு வண்டி போவதைவிடக் கேவலம் அவர் அகராதியில் கிடையாது. நான் அதுவரை அவரைத் திட்ட நினைத்ததெல்லாம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் கேம்பில் வைத்துப் பையன் மெதுவாகப் பேச்சை எடுத்தான். "பயந்துட்டேன்பா. இங்க நான் இருந்தேன், திரும்பி வந்தேன். அங்க பவானிபூர்ல நீங்க ரெண்டு பேரு மட்டும். இந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா யாரு இருக்கா? போதும்பா. இங்கயே இருந்துடுங்க. நான் அந்த வீட்டு ஓனர்கிட்ட பேசிடறேன்."

எப்போதும் போல, வெலிங்டன் வரட்டும், பாக்கலாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செய்" என்றார்.

பையன் உடனே மருமகளுக்குப் போன் போட்டான். அவள் சந்தோஷத்தில் கத்தியது எனக்கு இங்கே கேட்டது. திரைச்சீலை நிறம் பிடிக்காவிட்டால் மாற்றிவிடலாம் என்று சொல்லச் சொன்னாள். பாவம், நல்ல பெண். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சிரிப்பு. என் வீட்டை ஒரு பெட்ரோல் பங்கில் தொலைத்துவிட்டார்கள். ஒருவராவது திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை. அரிசியை எத்தனை தடவை களைந்தேனோ, சோறு சப்பென்று இருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை.

காலையில் கிளம்ப எல்லாம் தயார். அவர் சுற்றி வந்து பார்க்கவில்லை. முதல் ஆளாக ஏறி, பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பையன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். பண்ணிவிட்டு எடுக்கவில்லை. அவனுக்கும் பழகிவிட்டது போல.

"அப்பா, விசில்?"

இவர் அசையவில்லை.

"சரி, அம்மா, நீ அடி. போலாம்."

மேஜையிலிருந்து விசிலை எடுத்தேன். குளிர்ந்திருந்தது. வாயில் வைக்கப் போனேன். ஏனோ வைக்கவில்லை. முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, அடிம்மா."

"அடிக்கமாட்டேன்" என்றேன்.

முன்னால் இருந்தவனுக்குக் கேட்டிருக்காது. "என்ன?" என்றான். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகச் சொன்னேன். அப்போதுதான் அவன் சீட்டில் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தான். பயணம் முழுக்க அவன் பின்னால் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா பவானிபூர்ல எங்கயும் தொலையல" என்றேன். "லேக் மார்க்கெட் போவாரு, வருவாரு. கரியாஹாட் கூட்டத்துல போவாரு, வருவாரு. அவரு தொலைஞ்சது உன் வண்டியிலதான். இதுக்கு எதுக்கு என் வீட்டைக் காலி பண்ணணும்?"

"அம்மா, நான் அந்த அர்த்தத்துல..."

"கடைசிப் பெட்டி வந்துச்சான்னு பாத்தியா? நீ பாக்கல. நான் அங்க போய் என் வீட்ல இருக்கேன். எனக்கு அந்த ஊரு போதும். வெலிங்டன் பாக்கறேன், அந்தப் பொண்ணு மாட்டின திரைச்சீலையைப் பாக்கறேன், உங்களுக்குச் சமைச்சுப் போடறேன். அப்புறம் என்னை ஊர்ல கொண்டுபோய் விடு. சரின்னு சொல்லு, அடிக்கறேன்."

இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பையன் அப்பாவைப் பார்த்தான், அவர் ஏதாவது சொல்வார் என்று. அவர் பின்கண்ணாடியைப் பார்த்தபடியே, "இன்ஜினை அணைடா" என்றார். "டீசல் வீணாப் போகுது. கார்டு சிக்னல் குடுக்கல. உங்கம்மா பேசி முடிக்க நேரம் ஆகும்."

பையன் அணைத்துவிட்டான். சத்தம் நின்றதும் வெளியே ஏதோ பறவை கூவுவது கேட்டது. பிறகு அவன், "துர், சரிம்மா" என்றான். இவர் எழுந்தார். மங்கி கேப்பைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கி, சக்கரத்தைத் தட்டி, சிலிண்டர் திருகைப் பார்த்து, பின்பக்கம் போய்ப் புடவை இல்லை என்று பார்த்துவிட்டு வந்து ஏறினார். கதவைச் சாத்தினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஊதினேன். சரியாக வரவில்லை, காற்றுதான் வந்தது. "பரவால்ல, கேட்டுச்சு" என்றார்.

வெலிங்டனில் திரைச்சீலை அழகாகத்தான் இருந்தது. அந்த அறையில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். புரோமோட்டருக்குக் கொடுக்கச் சம்மதமில்லை என்று அந்த வங்காளிப் பெரியவரிடம் சொல்ல இவர் கீழே போனார். நானும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு பஜாருக்குப் போனால் அவர் பின்னால் நடக்கவில்லை. எனக்குச் சமமாக வந்தார். அதிலும் ஓர் இம்சை, நடைபாதை இரண்டு பேருக்குக் காணாது, எதிரில் வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போவார்கள். போன மாசியில் இதே வீட்டில், சாப்பிட்டு முடித்துச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விசில் அன்றும் ஆணியில்தான் இருந்தது.

இப்போது புரோமோட்டர் மறுபடி வந்து போகிறான். எதிர்வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஜதுபாபு பஜாரில் என் எலுமிச்சம்பழக்காரன் இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அங்கே போய் நின்றால் என் பையில் எதுவும் விழுவதில்லை. என்ன வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதையும் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பையன் வீடியோவில் வருவான். மருமகளும் பக்கத்தில் உட்காருவாள். அந்தக் கீழறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் வந்துடு, வந்துடு என்று பிடுங்கிக்கொண்டிருந்தவன் இப்போது அப்படிக் கேட்பதில்லை. போன வாரம் பேசி முடிக்கும்போது, தயங்கித் தயங்கி, "அம்மா, கிளம்பலாமா?" என்றான். சொல்லிவிட்டு வேறெங்கும் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்தேன். மாஷி அன்று அதை அலமாரியில் போட மறந்திருந்தாள். முந்தானையில் துடைத்தேன். மஞ்சள் தெரிகிற இடம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"இன்ஜினை அணைச்சுட்டு இரு" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்."

அவன் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் போனை வைத்துவிட்டு, விசிலை அதன் ஆணியில் மாட்டினேன்.